கோடியக்கரைச் சேற்றில் உள்ளான்கள்

கோடியக்கரைக்குப் போய்வந்தேன் என்றாலே "பூநாரை வந்திருக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். வந்திருக்கின்றன. பம்ப் ஹவுஸ் பக்கம் கூட்டம் கூட்டமாகத் தலையைக் கவிழ்த்து, அலகால் நீரை அரித்துக்கொண்டு நிற்கின்றன. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியில் நான் அங்கே போவது சேற்றில் மேயும் கரைப்பறவைகளான உள்ளான்களுக்காக.

வேதாரண்யத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். வழியில் அகஸ்தியம்பள்ளி, 1930 ஏப்ரலில் ராஜாஜி உப்பு அள்ளிய இடம். இருபுறமும் இன்றும் உப்பளங்கள். சரணாலயம் 1967-இல் அறிவிக்கப்பட்டது. ஒட்டியுள்ள சதுப்பும் சேர்ந்து 2002-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது.

கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் சதுப்பைப் பார்த்ததும், "காத்து தண்ணிய அந்தப் பக்கம் தள்ளிருச்சு தம்பி, இன்னைக்கு இங்க நல்லா மேயும்" என்றார். அவர் சொன்னது அப்படியே நடந்தது. இங்கே எல்லாம் தண்ணீரின் ஆழம்தான். ஒரு சாண் ஏறினால் சின்னப் பறவைகளுக்கு இடமில்லை. முழுக்கக் காய்ந்தால் புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடும். ஈரச்சேறும் மேலே மெல்லிய நீரும் இருந்தால்தான் பந்தி.

பந்தியில் யாருக்கு எந்த இடம் என்பதைக் காலும் அலகும் முடிவு செய்கின்றன. கட்டை அலகு உப்புக்கொத்திகள் காய்ந்த ஓரத்தில் ஓடி, நின்று, கண்ணால் பார்த்துக் கொத்துகின்றன. கொசு உள்ளான்கள் ஈரத்தில் தையல் மிஷின் ஊசி போல விடாமல் குத்துகின்றன. இன்னும் உள்ளே பவளக்காலிகள். முழங்கால் நீரில் நெடுங்கால் உள்ளான்கள்.

பெரிய கோட்டான் (ஆந்தை இல்லை, உள்ளான் குடும்பத்துப் பறவை) ஒன்றை வெகுநேரம் பார்த்தேன். கீழ்நோக்கி வளைந்த அலகு அரை அடி நீளம் இருக்கும். அதை நண்டு வளைக்குள் அடிவரை விட்டுத் துழாவியது. வெளியே வந்த நண்டை உதறி உதறிக் கால்களை ஒவ்வொன்றாகக் கழித்தது. அப்புறம் உடலை மட்டும் தூக்கி விழுங்கியது. உள்ளான் இனங்கள் பலவற்றின் அலகு நுனியில் நுண்ணிய உணர்வுக் குழிகள் உண்டு. சேற்றுக்குள் எது அசைந்தாலும் அதற்குத் தெரியும்.

கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். அது முட்டையிடுவது ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரம் என்ற மரமில்லாத குளிர்வெளியில். அங்கே கோடை சில வாரங்களே என்பதால் குஞ்சு பொரித்து வளர்த்த கையோடு கிளம்பிவிடுகிறது. ஏப்ரல், மே வாக்கில் இங்கிருந்து திரும்பும்முன் தின்று கொழுப்பேற்றிக்கொள்ள வேண்டும். அந்தக் கொழுப்புதான் வழிச்செலவு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டி வருவதால் இந்தப் போக்குவரத்தைப் பற்றி நிறையவே தெரியவந்திருக்கிறது.

அதனால்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது. காரில் வந்த சிலர், கூட்டம் பறப்பதைப் படமெடுக்க வேண்டும் என்று கைதட்டியபடி சேற்றில் ஓடினார்கள். பவளக்காலிதான் முதலில் கத்தியது. மறுகணம் அத்தனையும் எழுந்துவிட்டன. படம் நன்றாக வந்திருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் சேர்த்த கொழுப்பில் கொஞ்சம் கரைகிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் போய்ச் சொன்னேன். ஒருவர் மட்டும் நின்று கேட்டார்.

பெரியவருக்குக் கவலை வேறு. "முன்னெல்லாம் நல்ல தண்ணி நிறைய வந்து கலக்கும். இப்ப உப்பு ஏறிக்கிட்டே போகுது" என்றார். உப்பு மிதமிஞ்சினால் புழுவும் சிறு நத்தையும் குறையும். உள்ளானுக்குத் தீனி அவைதான்.

போக நினைப்பவர்கள் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள், வெயில் ஏறும்முன் போங்கள். பைனாகுலர் கட்டாயம். கிடைத்தால் ஸ்பாட்டிங் ஸ்கோப் இன்னும் நல்லது. கரையிலேயே உட்கார்ந்திருங்கள். அரைமணி நேரம் அசையாமல் இருந்தால் உப்புக்கொத்திகள் தாமாகவே பக்கத்தில் வந்து மேய்கின்றன.