தனியே விழுந்த ‘கள்’

நள்ளிரவு ஒரு மணி வரை என்னைத் தூங்கவிடாதது ஒரே சொல்: ‘பதிவுசெய்துகொள்ளுங்கள்’. என் இணையப் பக்கத்தில் ஆங்கிலத்தில் அடக்கமாக இருந்த பொத்தான், தமிழ் வந்ததும் 360 பிக்சல் அகல கைபேசித் திரையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றது.

குற்றவாளி ஃப்ளெக்ஸ்பாக்ஸ், பக்கத்தில் பெட்டிகளை வரிசையாக அடுக்கும் சிஎஸ்எஸ் முறை. அதனுள் இருக்கும் பெட்டிக்கு மின்-விட்த் (min-width, குறைந்தபட்ச அகலம்) இயல்பாகவே ‘ஆட்டோ’; உள்ளிருக்கும் நீளமான சொல்லைவிடக் குறுகச் சம்மதிக்காது. அதைப் பூஜ்யமாக்கி, இடம் போதாதபோது சொல்லை எங்கு வேண்டுமானாலும் உடைக்கட்டும் என்று ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு ‘எனிவேர்’ கொடுத்தேன். அடங்கியது. ஆனால் ‘கொள்ளுங்’ மேலே நிற்க, ‘கள்’ மட்டும் அடுத்த வரியில். தமிழ்நாட்டில் தடை உள்ள சரக்கு, என் பக்கத்தில்!

கடைசியில் ‘பதிவுசெய்து’வுக்குப் பின் ‘இங்கே உடைக்கலாம்’ என்று உலாவிக்குச் சொல்லும் ஒரு டபிள்யூபிஆர் (wbr) குறி போட்டேன். இனி உடைந்தால் முதலில் அங்கேதான் உடையும். அப்படியே லைன்-ஹைட்டை, அதாவது வரியின் உயரத்தை, 1.2இலிருந்து 1.6 ஆக்கினேன், ‘ழு’வின் வால் இப்போது கீழ்வரியைக் குத்துவதில்லை.