லீவு கைவேலை கிளப், மே மாசக் குறிப்பு

மே 6, 2024, திங்கள்

ஆரம்பிச்சாச்சு. பாளையங்கோட்டைல எங்க வீட்டு வராண்டாவும் மொட்டை மாடி ஷெட்டும்தான் இடம். ஒண்ணாப்புல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் 12 பிள்ளைங்க, காலைல 9:30ல இருந்து 12 மணி வரை. அக்னி நட்சத்திரம் 4ஆம் தேதியே தொடங்கிட்டதால அதுக்கு மேல ஷெட்டுக்குள்ள யாராலயும் இருக்க முடியாது, தகரம் கொதிக்கும். இன்னைக்கு பிளஸ் டூ ரிசல்ட் வேற, விட வந்த அம்மாக்கள் எல்லாம் வாசல்லயே நின்னு ஃபோனைப் பாத்துட்டு இருந்தாங்க, அதுல ஒரு வீட்ல மூத்தவ நல்ல மார்க்குன்னு தெரிஞ்சதும் எல்லா பிள்ளைக்கும் மைசூர்பா வந்துச்சு. பசை ஒட்டுன கையோடயே தின்னுட்டாங்க. பரவாயில்ல, பசை நான் வீட்ல காய்ச்சின மைதா பசைதான். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி வராம இருக்க துத்தம் போடுவாங்க, பிள்ளைங்க கை வாய்க்குப் போகும்ங்கறதால நான் அதைத் தொடவே மாட்டேன். அதனால தினமும் புதுசா காய்ச்சணும், இந்த வெயிலுக்கு மறுநாளே புளிச்சு நாறிடும்.

மே 7, செவ்வாய்

ஒரு விஷயம் மனசுல உறுத்திட்டே இருக்கு. மூணாப்பு படிக்கிற பொண்ணு ஒண்ணு, ரெட்டை ஜடை, அதிகம் பேச மாட்டா. நேத்து விடும்போதே அவங்கம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "எக்கா, இவளுக்கு பீச்சாங்கை, கட்டிங் வேலையே வராது, கலர் மட்டும் அடிக்கச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஸ்கூல்லயும் அப்படித்தான் சொல்லிருக்காங்களாம். இன்னைக்கு கலர் பேப்பர்ல மீன் வெட்டுனோம், அவ பக்கத்துல போய் உக்காந்து பாத்தேன். போட்ட கோட்டு மேலயே வெட்டணும்னு அவ்வளவு கவனமா நாக்கை ஓரமா கடிச்சுக்கிட்டு வெட்டுறா, ஆனா பேப்பர் வெட்டுப்படாம ரெண்டு பிளேடுக்கும் நடுவுல மடங்கி மடங்கிப் போகுது. திரும்ப எடுத்து, திரும்ப மடங்கி, கடைசில கையால கிழிச்சுட்டு என்னை நிமிந்து பாத்தா. திட்டு விழும்னு எதிர்பாக்குற பார்வை அது.

எல்லாரும் போனப்புறம் அதே சிசரை என் இடது கையில போட்டு வெட்டிப் பாத்தேன். எனக்கும் அப்படியே மடங்குது! அப்புறம் நிதானமா திருப்பிப் பாத்தாதான் புரியுது, நம்ம சிசர் எல்லாம் வலது கைக்குன்னே செஞ்சது. வலது கையில பிடிச்சு அமுக்கும்போது கட்டைவிரல் ஒரு பக்கமும் மத்த விரல் ஒரு பக்கமும் தள்ளுறதுல ரெண்டு பிளேடும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உரசும். இடது கையில பிடிச்சா அதே அமுக்கு பிளேடுகளை விலக்கி விட்டுரும். போதாததுக்கு மேல் பிளேடு கோட்டையே மறைக்குது, எங்க வெட்டுறோம்னே அவளுக்குத் தெரியாது. கை விலங்கு மாட்டி ஓடச் சொன்ன மாதிரி இத்தனை நாளா அந்தப் பிள்ளைய வெட்டச் சொல்லிருக்கோம்.

இங்க கடையில கேட்டேன், இடது கை சிசரான்னு ஒரு மாதிரி பாத்தாங்க. ஆன்லைன்ல ஆர்டர் போட்டுட்டேன்.

மே 9, வியாழன்

காகிதக் கூழ். பழைய தினத்தாளை ரெண்டு நாள் ஊறவெச்சு, ஊறின வெந்தயத்தோட சேத்து உரல்ல இடிச்சு, கவுத்துன கிண்ணத்து மேல அப்பினோம். எங்கம்மா காலத்துல அரிசி புடைச்சு வைக்கிற கூடையெல்லாம் இப்படித்தான் செய்வாங்க, வெந்தயம் கோந்து மாதிரி பிடிக்கும், பூச்சியும் அண்டாது. வீடு முழுக்க வெந்தய வாசம். இதுக்கு சிசர் வேண்டாம், எந்தக் கையா இருந்தா என்ன, ரெட்டை ஜடைக்காரி ஓரத்தை அவ்வளவு மெலிசா, சமமா இழுத்து விட்டிருந்தா. ரெண்டாப்பு பையன் ஒருத்தன் கூழை உருட்டி அடுத்தவன் சட்டைக்குள்ள போட்டான், அதையும் சமாளிச்சாச்சு.

மே 10, வெள்ளி

பத்தாவது ரிசல்ட், அட்சய திருதியை, ரெண்டும் சேந்து பாதிப் பிள்ளைங்க வரல. வந்தவங்களோட களிமண் பிசைஞ்சோம், குளத்து வண்டல்ல கொஞ்சம் மணல் கலந்தது. யானை, தோசைக்கல், ஒரு ஜேசிபி.

மே 13, திங்கள்

சிசர் வந்துருச்சு. அவகிட்ட பெருசா ஒண்ணும் சொல்லல, "இது உன் கைக்குன்னு செஞ்சதும்மா"ன்னு மட்டும் சொல்லிக் குடுத்தேன். ஒரு தடவை வெட்டினா. சத்தம் கேட்டுச்சு, அந்த நறுக்குன்னு ஒரு சத்தம், அதுவரைக்கும் அவ சிசர்ல இருந்து வராத சத்தம். நிறுத்திட்டு சிசரையே பாத்தா. அப்புறம் ஒரு பேப்பர் முழுசையும் ஒண்ணுமே வரையாம சும்மா கீத்து கீத்தா வெட்டித் தள்ளினா, நானும் நிறுத்தச் சொல்லல. வட்டம் வெட்டுறப்ப மட்டும் மத்தவங்க சுத்துற திசைக்கு எதிர்த்திசையில சுத்தணும்னு காட்டினேன், மூணாவது வட்டத்துல பிடிச்சுக்கிட்டா.

எத்தனை பிள்ளைங்க "கைவேலை வராது"ன்னு பேர் வாங்கி பேசாம உக்காந்திருக்கோ. நினைச்சா ஆத்தாமையா இருக்கு. சிசர் கூடப் பரவாயில்ல, கையில அடிச்சு மாத்தி எழுத வெச்சவங்களை நானே பாத்திருக்கேன்.

மே 14, செவ்வாய்

நான் ரொம்ப எதிர்பாத்த நாள். எங்க தெருவுல மக வீட்டுக்கு வந்திருக்கற ஆச்சி ஒருத்தங்க, உடன்குடிப் பக்கம், சின்னதுல இருந்து பனை ஓலை முடையறவங்க. ஊர்ல இருந்து ரெண்டு கட்டு குருத்தோலை பஸ்ல வரவெச்சிருந்தாங்க. ஈர்க்கை உரிச்சு, ஓலையைக் கீறி, ஈரத்துணியில சுத்தி வெச்சிருந்தாங்க, காய்ஞ்ச ஓலையை அப்படியே மடக்கினா ஒடிஞ்சிரும். முதல்ல காத்தாடி. ரெண்டு ஓலையைக் குறுக்க மடிச்சு நடுவுல உடைமுள்ளைக் குத்தி ஒரு குச்சியில சொருகினா முடிஞ்சது, முள்ளு குத்துறதை மட்டும் நாங்க செஞ்சோம். 12 பேரும் மாடியில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாங்க.

அப்புறம் கிலுக்கு, உள்ள நாலு கல்லு போட்டு மூடி முடையறது. இங்கதான் ரெட்டை ஜடை மாட்டிக்கிட்டா. ஆச்சி பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொரு மடிப்பா காட்டுறாங்க, இவ செஞ்சா எல்லாம் எதிர்ப்பக்கம் சாயுது, பிரிஞ்சு போகுது. ஆச்சி முதல்ல "ஏட்டி, சோத்தாங்கையில பிடி"ன்னாங்க. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவங்களே கொஞ்ச நேரம் அவ கையைப் பாத்தாங்க. அப்புறம் எந்திரிச்சு, முட்டியைப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்கி அவளுக்கு எதிர்ல உக்காந்தாங்க. "எதுத்தாப்ல பாரு, கண்ணாடி பாக்க மாதிரி. என் கை எங்கன போகுதோ உன் கையும் அங்கன போகட்டும்."

அவ்வளவுதான். ஆச்சியோட வலது கை ஓலையை மடக்கினா நேரெதிர்ல இவளோட இடது கை மடக்குது, ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு ஆச்சி முணுமுணுக்க இவளும் முணுமுணுக்க, முக்கால் மணி நேரத்துல கிலுக்கு முடிஞ்சு காதுகிட்ட வெச்சு ஆட்டினா. ஆச்சியோட தங்கச்சிக்கும் இதே கைதானாம், அவங்கம்மா இப்படி எதிர உக்காந்துதான் பழக்குனாங்களாம். நான் சிசருக்கு ஆன்லைன்ல ஆறு நாள் காத்துக் கிடந்தேன், ஆச்சி எந்திரிச்சு இடம் மாறி உக்காந்தாங்க. அதையேதான் ராத்திரி முழுக்க நினைச்சுட்டு இருக்கேன்.

மே 17, வெள்ளி

நேத்து ராத்திரி மழை. மாடியில நிழல்ல காய வெச்சிருந்த களிமண் பொம்மைல பாதி கரைஞ்சு ஓடிருச்சு, சுடாத மண்ணு தானே. ஷெட்டுக்குள்ள தள்ளி வெச்சிருக்கணும், என் தப்பு. யானை போன பையன் அழுதான், கரைஞ்ச மண்ணையே அள்ளி திரும்பப் பிசையலாம்னதும் சமாதானமாகி இந்தத் தடவை முதலை செஞ்சான். ரெட்டை ஜடை அவனுக்கு எதிர்ல போய் உக்காந்து, அவ கிலுக்கைக் காட்டி முடையச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தா. அவன் வலது கை.

மே 18, சனி

கடைசி நாள். வராண்டால கயிறு கட்டி மீனெல்லாம் தொங்க விட்டோம், கூழ்க் கூடை, ஓலை கிலுக்கு, முதலை எல்லாம் பாய்ல வரிசையா. எதையும் நான் திருத்தல, கோணலா இருந்தது கோணலாவே இருந்துச்சு. ஆச்சிக்கு பிள்ளைங்க சேந்து ஒரு கூடை குடுத்தாங்க.

ரெட்டை ஜடையோட அம்மா வந்தாங்க. அவ வெட்டின மீனைப் பாத்துட்டு "நீங்க வெட்டிக் குடுத்ததாக்கா?"ன்னாங்க. இல்லம்மான்னு சொல்லி சிசரைக் கையில குடுத்தேன், அவளுக்குத்தான், வெச்சுக்கட்டும்னு. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. கீழ கிடந்த ஒரு துண்டு பேப்பரை எடுத்து அவங்க வலது கையால வெட்டிப் பாத்தாங்க. மடங்கிருச்சு. இன்னொரு தடவை. அதுவும் மடங்கிருச்சு. ஒண்ணும் சொல்லாம மகளோட பைக்குள்ள சிசரை வெச்சு ஜிப்பைப் போட்டாங்க.