பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?

"தம்பி, பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்று கேட்டார் கிளப் மேனேஜர். பாட்டு தொடங்கி ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "ஆரம்பிச்சாச்சு சார்" என்றேன்.

டிஜே வேலையை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

அப்போது ஓடிக்கொண்டிருந்தது நியூ ஆர்டர் என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் 'ப்ளூ மண்டே'. 1983-இல் 12 அங்குல இசைத்தட்டாக வந்த பாட்டு, ஏறக்குறைய ஏழரை நிமிடம் நீளும். குரல் வருவதற்கே இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதலில் டிரம் மெஷினின் கிக், அதாவது கனத்த டிரம் அடி, மட்டும்: சீராக விழும் அடிகள், நடுநடுவே படபடவென்று ஒரு சரம். அப்புறம் கீபோர்டு வந்து சேரும். அது தாளத்தோடு ஒட்டாமல் கொஞ்சம் விலகியே ஓடும். குழுவில் கீபோர்டு வாசிக்கும் கில்லியன் கில்பர்ட் அதை மெஷினில் ஏற்றும்போது ஒரு ஸ்வரம் விடுபட்டுப்போனதாம். அந்த விலகல் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள். ஹெட்போனில் கேட்டு இன்னொரு தட்டை இதோடு சேர்க்கும்போது கீபோர்டை நம்பினால் பீட் தப்பிவிடும். கிக்கைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அன்று நான் எதையும் சேர்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹிட் பாட்டை முழுசாக முடித்துவிட்டு, கிக்கைத் தனியாக விட்டேன். ஆடும் ஃப்ளோரில் இருந்தவர்களில் பாதிப் பேர் மேசைக்குத் திரும்பிவிட்டார்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் ஒரு பெண் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சரம் விழும்போதெல்லாம் தோளைக் குலுக்கி ஆடிக்கொண்டிருந்தார். மேனேஜரிடம் அவரைக் காட்டினேன்.

"ஒருத்தருக்காகவா?"

"குரல் வரட்டும் சார், வருவாங்க."

குரல் வந்ததும் சிலர் வந்தார்கள். முன்பு இருந்த கூட்டம் இல்லை. அவர் சொன்னதும் நிரூபணம் ஆகவில்லை, நான் சொன்னதும் ஆகவில்லை.

நான் செய்தது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஃப்ளோர் தெரியாதவர்கள் உண்டாக்கிய பாட்டு இல்லை இது. 1982-இல் மான்செஸ்டரில் திறந்த ஹாசியெண்டா கிளப்பில் இந்தக் குழுவின் பணமும் இருந்தது. ஆடுகிறவர்கள் எதற்குக் காத்திருப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்புதான் எனக்குப் பாட்டு. அதை வெட்டிவிட்டுப் போட்டால் வேறு ஏதோ ஒன்றைப் போட்டதாக ஆகும்.

ஆனால் மேனேஜர் பக்கமும் நியாயம் இருக்கிறதே. நடன இசைத்தட்டுகளில் வெறும் டிரம்மோடு நீளமான தொடக்கம் வைப்பதே டிஜே முந்தின பாட்டின் அடியில் அதை நுழைக்கட்டும் என்றுதான். இந்தப் பாட்டிலும் அதற்கு வசதி இருக்கிறது. ஃப்ளோர் ஓரத்தில் தயங்கி நிற்கிறவர் உள்ளே வருவதா, மேசைக்குப் போவதா என்று சில நொடிகளில் முடிவு செய்துவிடுவார். இதையெல்லாம் அறிந்தும் நான் கிக்கைத் தனியாக விட்டது அந்தப் பெண்ணுக்காகவா? அவரை நான் கவனித்ததே மேனேஜர் வந்து நின்ற பிறகுதான்.

அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே மாற்றிப் போட்டேன். முந்தின பாட்டு ஓடும்போதே பிட்ச் ஸ்லைடரை நகர்த்தி வேகத்தைச் சமன் செய்து, அடியில் கிக்கை ஏற்றினேன். அந்தப் பாட்டு அடங்குவதற்குள் கீபோர்டும் உள்ளே வந்துவிட்டது. யாரும் நகரவில்லை. சுத்தமான மிக்ஸ், சொல்லப்போனால் நான் செய்தவற்றில் நல்லதில் ஒன்று. மேனேஜர் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஸ்பீக்கர் பக்கம் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும்போது, முந்தின பாட்டை முடித்துவிட்டு அந்தக் கிக்கைத் தனியாக விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஃப்ளோர் காலியானால்? என்கிறார்கள். காலியாகட்டும் என்று சொல்லத்தான் ஆசை. மேனேஜரிடம் நானே சொல்லாததை இவர்களிடம் எப்படிச் சொல்வது?