செம்மண்ணும் காலும்: கிழக்கு கொஜ்ஜாம் நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

கிழக்கு கொஜ்ஜாம், எத்தியோப்பியாவின் வடமேற்கு மேட்டுநிலம். கிரெம்த் எனும் மழைக்காலம் தொடங்கிவிட்டது. செப்டம்பர் வரை விடாது. தெஃப் எனும் சிறுதானியத்தை விதைக்குமுன் நிலத்தை நாலைந்து சால் உழவேண்டும், உழுபவர் பலரும் வெறுங்காலோடுதான்.

இங்கே காணும் வீங்கிய காலைப் பார்த்தால் நம்மூர் யானைக்கால் என்றே தோன்றும். ஆனால் இதில் கொசுவும் இல்லை, புழுவும் இல்லை. போடோகோனியோசிஸ் என்ற இந்த நோய் எரிமலைப் பாறை சிதைந்து உண்டான செம்மண்ணால் வருவது. நுண்ணிய தாதுத்துகள்கள் தோல்வழியே புகுந்து நிணநீர் நாளங்களைப் புண்ணாக்கி அடைக்கின்றன. 1,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரமும் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழையும் சேரும் இடங்களில்தான் பெரும்பாலும் காணலாம். வீக்கம் பாதத்தில் தொடங்கி மேலேறும். முழங்காலைத் தாண்டுவது அரிது. யானைக்காலுக்குத் தரும் டி.இ.சி. மாத்திரையால் இதில் பயனில்லை.

ஜூன் 18

'இது ரத்தத்தில் வருவது' என்கிறது ஊர். முழுப் பொய்யென்று மறுத்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரே குடும்பத்தில் மூன்று பேருக்கு இருப்பதை அவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். சிலருக்கு மரபணுவிலேயே இதற்கான வாகு உண்டென்று 2012-இல் வெளியான ஆய்வும் காட்டியது. ஆகவே சொல்லவேண்டியது இவ்வளவுதான்: வாகு இருந்தாலும் மண் படாவிட்டால் நோய் வராது.

இப்படிச் சொல்லாததன் விலை பெரிது. நோயாளி வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அக்கம்பக்கம் கூடி மூன்று சுற்று காபி குடிக்கும் இடத்தில் அவர் தள்ளியே உட்காருவார். பதின்வயதில் முதல் வீக்கம் வந்ததும் பிள்ளைகள் மறைப்பது இதனால்தான். நன்றாக வடியக்கூடிய கட்டமும் அதுதான்.

ஜூலை 3

தினசரிப் பராமரிப்பு. சோப்பும் நீரும் கொண்டு விரலிடுக்கு, மடிப்பு எல்லாம் கழுவவேண்டும். பிறகு 6 லிட்டர் நீரில் 15 மில்லி ப்ளீச் (கடையில் பெரெகினா என்று கேட்கவேண்டும், 5 சதவீதக் கரைசல்) கலந்து அரைமணி நேரம் காலை ஊறவைப்பது. அளவு கூடினால் தோல் வெடிக்கும்; வெடிப்புதான் கிருமி நுழையும் வாசல். வெயிலில் கிடந்த பழைய பாட்டில் வீரியம் இழந்திருக்கும்.

ஒற்றித் துடைத்து, விரலிடுக்கில் விட்ஃபீல்டு எனும் பூஞ்சைக்கொல்லிக் களிம்பு, மற்ற இடத்தில் வாசலின். இடுக்கை ஈரமாக விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். கட்டுத்துணியைக் காலையில் வீக்கம் குறைவாக இருக்கும்போதே விரலடியிலிருந்து மேல்நோக்கிச் சுற்றவேண்டும். மேலே இறுக்கி, கீழே தளர்த்திக் கட்டினால் நீர் பாதத்திலேயே தேங்கும்.

ஜூலை 20

நீரைச் சுமப்பவர்கள் பெண்கள், 20 லிட்டர் மஞ்சள் கேனில். ஊறலுக்கு மட்டும் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. 'தினமும் கழுவு' என்பது எளிது, யார் சுமப்பது? கழுவிய நீரையே வீட்டுத்தோட்டத்தில் ஊற்றச் சொல்வதும் ஆறுதலாகாது.

ட்செபெல் எனும் புனிதநீரைத் தேடிப் போகிறவர்களைத் தடுக்கவேண்டியதில்லை. தேவாலயத்தில் செருப்பைக் கழற்றித்தான் ஆகவேண்டும். திரும்பியதும் கழுவச் சொன்னால் போதும். பாதிரியார் வாயால் சொல்லவைத்தால் இன்னும் நல்லது.

ஆகஸ்ட் 8

காய்ச்சலோடு கால் சிவந்து கொதிக்கும் தாக்குதல்தான் வேலையைக் கெடுப்பது. படுத்தால் பல நாள். அப்போது கட்டு வேண்டாம். காலை உயர்த்திவைத்து, ஈரத்துணியால் குளிர்வித்து, பாராசிட்டமால் கொடுத்து, நிறைய நீர் குடிக்கச் சொல்லவேண்டும். சீழ் அல்லது புண் இருந்தால் மருத்துவமனைக்கு. கிழக்கு கொஜ்ஜாமிலேயே நடந்து 2018-இல் வெளியான சோதனையில், பராமரிப்பு பெற்றவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரி 19.4 தாக்குதல், பெறாதவர்களுக்கு 23.9. குறைவு சிறிதுதான், அதை மிகைப்படுத்திச் சொல்லவேண்டாம்.

செப்டம்பர் 13

இரண்டு நாள்முன் எத்தியோப்பியப் புத்தாண்டு, 2017 பிறந்தது. பண்டிகைக்கு வாங்கும் காலணி சந்தைக்கும் தேவாலயத்துக்கும் மட்டும். வயலில் கழற்றி வைத்துவிடுவார்கள், சேற்றில் ஒட்டிக்கொள்ளும் என்று. திறந்த பிளாஸ்டிக் செருப்பில் மண் உள்ளே வந்துவிடும். வீங்கிய காலுக்குக் கடை அளவு பொருந்தாது, அளவெடுத்துத் தைக்கவேண்டும். மண்தரை வீட்டுக்குள்ளும் காலணி தேவை.

மறுவருகைக்கு நேரம் எழுதும்போது கவனம்: உள்ளூர்க் கணக்கு விடியலில் தொடங்குகிறது. பிற்பகலை நினைத்து '2 மணி' என்றால் அவர் காலை 8-க்கே வந்து காத்திருப்பார். ஆண்டில் 13 மாதம் வேறு. அட்டையில் எத்தியோப்பியத் தேதி, ஆங்கிலத் தேதி இரண்டும், 'காலை' அல்லது 'பிற்பகல்' என்ற சொல்லும் இருக்கட்டும்.