எங்கள் அணித் தலைவருக்கு வயது 15

பாடசாலை நினைவு ஒன்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதும் என் மனம் நேரே சாரணர் துருப்புக்குத்தான் ஓடியது. எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பில் கூடப் படித்த சிலரின் பெயர் இன்று யோசித்தால்தான் வருகிறது. என் அணியில் இருந்தவர்களை மட்டும், கூடாரத்தில் யார் எந்தப் பக்கம் படுத்தார் என்பது வரை சொல்லுவேன்.

சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. கழுத்துப்பட்டியும் கைத்தடியுமாக மூத்த மாணவர்கள் அணிவகுத்துப் போவதைப் பார்த்து ஆசைப்பட்டேன். உள்ளே போன பிறகுதான் தெரிந்தது, எங்களைப் பழக்கி எடுப்பவர் இன்னொரு மாணவர் என்று. எங்கள் அணித் தலைவருக்கு அப்போது 15 வயது. சாரண ஆசிரியர் மரத்தடியில் இருப்பார். ஏதாவது சந்தேகம் என்று அவரிடம் ஓடினால், “அணித் தலைவரிடம் கேட்டாச்சா?” என்றுதான் முதலில் கேட்பார். ஒரு பெரிய மனிதர் தன் அதிகாரத்தை இவ்வளவு தாராளமாகப் பிள்ளைகளின் கையில் கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாணவரையே மாணவர் பழக்கும் இந்த வழக்கம் சாரணியத்தின் பிறப்போடு வந்தது. 1907 ஆகஸ்டில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஒரு பரீட்சார்த்தப் பாசறை நடத்தினார். சுமார் 20 சிறுவர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் உழைப்பாளிகளின் பிள்ளைகளும் ஒன்றாகத் தங்கினார்கள். காளை, ஓநாய், அண்டங்காக்கை, கர்லூ என்ற நீண்ட அலகுப் பறவை என நான்கு அணிகள். ஒவ்வொன்றுக்கும் அவர்களுக்குள்ளேயே ஒருவன் தலைவன். வழக்கமாக ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட இப்படியான சின்ன அணிதான் இன்று வரை சாரணியத்தின் முதுகெலும்பு என்பேன். அந்த அளவுக் கூட்டத்தில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. யாரும் விடுபட்டுப் போகவும் மாட்டார்கள்.

முதலில் முடிச்சுகள். ரீஃப் நாட், கிளோவ் ஹிட்ச், போலைன் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு போடப் பழகினோம். அப்புறம் இரண்டு கம்புகளைக் குறுக்காக வைத்துக் கட்டும் சதுரக் கட்டு. கிளோவ் ஹிட்சில் தொடங்கி, இரண்டு கம்பையும் மூன்று முறை சுற்றி வரவேண்டும். இதுவரைக்கும் எல்லோரும் செய்துவிடுவார்கள். அதன் பிறகு கம்புகளுக்கு நடுவே, சுற்றிய கயிற்றின் மேலேயே குறுக்கே இரண்டு சுற்றுச் சுற்றி இழுக்கவேண்டும். கட்டின் உயிர் அந்த இழுவையில்தான் இருக்கிறது. அணித் தலைவர் காலைக் கம்பில் ஊன்றி, உடல் பாரத்தையே பின்னுக்குச் சாய்த்து இழுப்பார். கயிறு கிறீச்சென்று சத்தம் போடும். பிறகு அந்தக் கம்பின் மேலே ஏறி நின்று காட்டுவார்.

நெருப்பு மூட்டுவதும் அப்படித்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு பாசறையில், நிலத்தில் கிடந்த சுள்ளிகளைத் தொடவேண்டாம் என்றார். மரத்திலேயே பட்டுப்போய் நிற்கும் குச்சியை ஒடித்துப் பார். ‘டக்’ என்று முறிந்தால் எடு, வளைந்தால் விடு. தடித்த கட்டையைப் பிளந்தால் வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே காய்ந்திருக்கும். அந்த உள் மரத்தைச் சீவிச் சீவி ஒரு கைப்பிடி சேர்த்துவிட்டுத்தான் தீக்குச்சிப் பெட்டியைத் திறந்தார். ஒரே குச்சியில் பற்றியது.

தடக்குறிகளும் அவரிடம்தான் படித்தோம். இந்த வழி, இந்த வழியல்ல, இவ்வளவு தூரத்தில் செய்தி இருக்கிறது என்று கல்லாலும் குச்சியாலும் வைத்துக்கொண்டு போவோம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் ‘வீட்டுக்குப் போய்விட்டேன்’. கென்யாவின் நையெரியில் பேடன் பவலின் கல்லறையிலும் அந்தக் குறிதான் பொறித்திருக்கிறது என்று ஒரு தீப்பாசறையில் அவர் சொன்னபோது கொஞ்ச நேரம் யாருமே பேசவில்லை.

நான் மறக்கவே முடியாதது இரவு நடை. பகலில் திசைகாட்டி வைத்து நடப்பது எளிது. தூரத்தில் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு அதை நோக்கி நடக்கலாம். இருட்டில் குறிப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் ஒருவனை டார்ச் விளக்கோடு முன்னே அனுப்புவார்கள். பின்னால் நிற்பவர் திசைகாட்டியைப் பார்த்து அவனை நேர்ப்படுத்துவார். அவன் நின்ற இடத்துக்கு எல்லோரும் வந்து சேர்ந்ததும் அவன் மறுபடி முன்னே போகவேண்டும். அணியிலேயே சின்னவன் நான். “தம்பி, நீ முன்னுக்குப் போ” என்று அணித் தலைவர் டார்ச்சை என் கையில் தந்தார்.

போனேன். “கொஞ்சம் இடப்பக்கம்... இன்னும்... சரி, அசையாதே!” முழங்கால் உயரப் புல்லில், விளக்கை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி நின்றேன். பயம் இருந்தது. ஆனால் எல்லோருடைய பாதையும் நான் நிற்கும் புள்ளியை நம்பித்தான் வருகிறது என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. காலடிச் சத்தம் கிட்ட வந்து, ஒரு கை தோளில் விழுந்தது. “நல்லா நின்றாய். இனி அடுத்தது.”

பின்னாளில் எனக்கும் ஓர் அணி கிடைத்தது. முதல் இரவு நடையில் யோசிக்காமல் ஆகச் சின்னவனையே கூப்பிட்டு டார்ச்சைக் கொடுத்தேன்.

ஒவ்வொரு பாசறைக்கும் அணிக் குறிப்பேடு எழுதினோமே, வரைபடமும் காய்ந்த இலைகளும் ஒட்டி, அவற்றில் ஒன்றாவது உங்களில் யாரிடமாவது இருக்கும் என்று நம்புகிறேன். பக்கங்களைப் படம் பிடித்து மலர்க் குழுவுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த மலரில் அவற்றைப் போடலாம்.