ஓரம் உள்ளே போகிறது

மார்ச் 3, செவ்வாய்

தறியை ஒருவழியாக மேசைமேல் ஏற்றினேன். மூன்று வாரமாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. இன்றைக்கும் கைக்கு வேலை கொடுக்காவிட்டால் போனையே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வியாழக்கிழமை தெரிந்துவிடும் என்றார் அத்தான். இந்த வியாழனா, அடுத்த வியாழனா என்று கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 4, புதன்

பாவுக் கணக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைகளின் கணக்கு. நூலை அளவுகோலில் நெருக்கமாகச் சுற்றிப் பார்த்தேன், ஒரு அங்குலத்துக்கு 20 சுற்று வந்தது. அதில் பாதிதான் பாவு, மற்ற பாதி குறுக்கே ஓடும் ஊடைக்கான இடம். ஆக அங்குலத்துக்கு 10 இழை. 10 அங்குல அகலம் என்றால் 100 இழை. ஒவ்வொன்றும் 2 மீட்டர். ஒரு விரற்கடை நெய்வதற்கு முன்பே 200 மீட்டர் நூல் போய்விடுகிறது! அதிலும் கிட்டத்தட்ட அரை மீட்டர் துணியாகவே ஆகாதாம். இரண்டு பக்கமும் கட்டுவதற்குக் கொஞ்சம், கடைசியில் இழைகளைக் கோர்க்கும் அச்சுப் பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும் மிச்சம் கொஞ்சம்.

அதை யோசித்தால் வயிறு எரிகிறது. வேறு எதையும் யோசிக்காமல் இதற்கு எரிந்துகொண்டிருப்பது பரவாயில்லை.

மார்ச் 5, வியாழன்

அடுத்த வியாழன் போலிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

கோர்ப்பு. பெரிய தறியில் இழைகளை ஏற்றி இறக்கும் விழுது தனி, ஊடையைத் தட்டி நெருக்கும் அச்சு தனி. இந்தக் குட்டித் தறியில் இரண்டு வேலையையும் ஒரே பலகை பார்க்கிறது. அதில் ஒரு துளை, ஒரு பிளவு, ஒரு துளை, ஒரு பிளவு என்று வரிசை. ஒரு இழை துளையில், அடுத்தது பிளவில். பலகையைத் தூக்கினால் துளை இழைகள் மேலே போகும், பிளவு இழைகள் இருந்த இடத்திலேயே நிற்கும். இறக்கினால் துளை இழைகள் கீழே. அவ்வளவுதான் சூட்சுமம். ஊடை நூலைச் சுமந்துபோகும் நாடாவுக்கு இரண்டு வாய்.

அம்மா எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக எடுத்துக் கொடுத்தாள். நான் கொக்கியால் இழுத்து வாங்கிக்கொண்டேன். நடுவில், "அக்கா ஏன்டி ரெண்டு நாளா பேசல?" என்றாள்.

"எண்ணிட்டிருக்கேம்மா, குலைக்காதே. அறுபத்து மூணு."

அறுபத்து மூன்று என்று இரண்டு முறை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 7, சனி

பாவைப் பின் உருளையில் சுற்றினேன். சுற்றுக்குச் சுற்று நடுவில் தடித்த காகிதம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மேல் சுற்று கீழ் சுற்றுக்குள் புதைந்துபோய், சில இழை தளர்ந்தும் சில இழை விறைத்தும் நிற்கும். வைத்தேன். அப்புறம் முன்பக்கம் சிறு சிறு கொத்தாகக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன். இடது பக்கம் தொய்வு. அவிழ்த்துக் கட்டினேன். வலது பக்கம் தொய்வு. அதையும் அவிழ்த்துக் கட்டினேன். நாலு தடவை.

மார்ச் 8, ஞாயிறு

முதலில் பழைய தடித்த நூலால் நாலைந்து வரி. முடிச்சுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியெல்லாம் மூடி, இழைகள் வரிசைக்கு வந்துவிட்டன. பிறகு சொந்த நூல். தூக்கு, நாடா, தட்டு. இறக்கு, நாடா, தட்டு. நாலு அங்குலம். துணி! என் மேசைமேல் துணி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "ஓரம் உள்ளே போகுது" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

ஒன்பதேகால்.

பத்து அங்குலத்தில் தொடங்கியது ஒன்பதேகாலுக்கு வந்துவிட்டது. அம்மா சொல்லாமலிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன், நிம்மதியாக இருந்திருப்பேன். காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊடை நேர்க்கோட்டில் போவதில்லை, ஒவ்வொரு பாவு இழைக்கும் மேலே ஏறி, கீழே இறங்கிப் போகிறது. அதனால் துணியின் அகலத்தைவிட அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். நாடா மறுபக்கம் வந்ததும் நூலை இழுத்து நேராக்கக் கூடாது. சாய்வாகவோ வில் மாதிரி வளைத்தோ விட்டுவிட்டு, அதன்பிறகுதான் தட்ட வேண்டும். நான் ஒவ்வொரு வரியிலும் வளைத்துத்தான் வைக்கிறேன். வைத்துவிட்டு, தட்டுவதற்குச் சற்று முன்னால், "கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறதோ" என்று ஒரு இழு. அந்த ஒரு இழுதான். ஓரத்தில் ஒரு குட்டி வளையம் தெரிந்தால் எனக்குத் தாங்குவதில்லை. வரிக்கு ஒரு மயிரிழையளவு இழுத்தாலும், நாற்பது வரியில் அது முக்கால் அங்குலமாகிறது.

அத்தானுக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. பிறகு 'பிஸி' என்று ஒரு செய்தி. எதில் பிஸி?

மார்ச் 10, செவ்வாய்

ஒன்பது.

மார்ச் 11, புதன்

துணியில் நெடுக ஒரு கோடு ஓடுவதை இன்றுதான் பார்த்தேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் பளிச்சென்று தெரிகிறது. இரண்டு இழைகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. நடுவில் ஒரு பிளவு காலி. எத்தனையாவது என்று எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, இருந்தாலும் எண்ணினேன். அறுபத்து மூன்றும் அறுபத்து நாலும்.

சரிசெய்ய வேண்டுமானால் நெய்த அத்தனையையும் பிரிக்க வேண்டும். பிரிக்கப் போவதில்லை.

மார்ச் 12, வியாழன்

போன் வந்தது. இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டுமாம். "பயப்பட ஒண்ணுமில்ல" என்ற வாக்கியத்தை அத்தான் மூன்று முறை சொன்னார்.

ராத்திரி எட்டு அங்குலம் நெய்தேன். பதினொரு மணிக்கு மேல் உள்ளறையிலிருந்து அம்மா, "இன்னிக்கு என்ன, இப்படி அடிக்கிற?" என்றாள். தூங்கவில்லை போல. "தூங்கும்மா" என்றேன். அதற்குப் பிறகு இருவரும் எதுவும் பேசவில்லை.

மார்ச் 13, வெள்ளி

பகல் வெளிச்சத்தில் நேற்றைய எட்டு அங்குலத்தைப் பார்த்தேன். அங்குலத்துக்கு 10 ஊடை வர வேண்டிய இடத்தில் 14. அந்தப் பகுதி மட்டும் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது. தேதி போட்டு வைத்தது போல.

மார்ச் 14, சனி

இடது ஓரத்தின் முதல் இழை அறுந்துவிட்டது. எதிர்பார்த்திருக்க வேண்டும். துணி உள்ளே இழுக்க இழுக்க ஓர இழைகள் சாய்ந்துபோய், ஒவ்வொரு தட்டுக்கும் அச்சில் உரசுகின்றன. எத்தனை நாள்தான் தாங்கும்.

புது நூல் ஒன்றை எடுத்து, நெய்த துணியில் ஒரு குண்டூசி குத்தி, நூல் நுனியை அதில் எட்டுப் போலச் சுற்றினேன். மறுமுனையைத் துளை வழியாகப் பின்னால் எடுத்துப்போய், உருளைக்கு மேலே தொங்கவிட்டு, கனத்துக்கு அலமாரிச் சாவிக்கொத்தைக் கட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் சாவிகள் கிலுங்குகின்றன. அம்மாவுக்கு இந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

சித்தி வந்திருந்தாள். "யாருக்கு இது?" என்றாள். எல்லாரும் அதையே கேட்கிறார்கள். யாருக்கும் இல்லை. துண்டா, சால்வையா, மேசைவிரிப்பா என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு பொருள் ஆகிவிட்டால் அது முடிந்தாக வேண்டும் இல்லையா. பாவு இருக்கிறவரை நெய்கிறேன். இதைச் சித்தியிடம் சொன்னேனா? இல்லை. "சும்மா" என்றேன்.

அக்காவைப் பற்றி அம்மா முன்னாலேயே கேட்க வாயெடுத்தாள். சாவிக்கொத்து நன்றாகக் கிலுங்கும்படி தட்டினேன்.

மார்ச் 16, திங்கள்

இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

அக்காவே கூப்பிட்டாள்! போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துக்கொண்டு நெய்தபடியே பேசினேன். நாற்பது நிமிடம். டெஸ்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் வீட்டு அலமாரிக் கதவு சரியாக மூடமாட்டேன் என்கிறதாம், அதைத்தான் பேசினோம். எந்தக் கீல், எந்தத் திருகாணி, ஆள் வந்து பார்த்துவிட்டு என்ன சொன்னான், அத்தான் அதில் அட்டையை மடித்துச் சொருகிய கதை. சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வைத்த பிறகு அளந்தேன். ஒன்பதே முக்கால். திரும்ப அளந்தேன். ஒன்பதே முக்கால்! ஓரத்தில் வளையங்கள் இல்லை, இழுத்த அடையாளமும் இல்லை. அந்த நாலு அங்குலத்தை நான் நெய்ததாகவே ஞாபகம் இல்லை.

மார்ச் 18, புதன்

நேற்று மாதிரியே நெய்ய வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒன்பதேகால்.

மார்ச் 19, வியாழன்

காலையிலேயே அத்தான் கூப்பிட்டார். ராத்திரி வண்டிக்குக் கிளம்புகிறேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி உள்ளே போனால், அவளுடைய பை கட்டி, ஜிப் போட்டுக் கட்டில்மேல் இருந்தது. எப்போது கட்டினாள் என்று தெரியவில்லை. "சாவியை அதுலேர்ந்து அவுத்துக்க, வீட்டைப் பூட்டணும்" என்றாள்.

31 அங்குலம் ஆகியிருக்கிறது. நாள் கணக்கில் விட்டுப் போகும்போது பாவை விறைப்பாக வைக்கக் கூடாது. பல்சக்கரத்தில் இரண்டு பல் தளர்த்தினேன். சாவிக்கொத்துக்குப் பதில் ஒரு கத்தரிக்கோலைக் கட்டியிருக்கிறேன்.