நோயாளியின் ரத்தத்திலிருந்து ஒரு கல்லீரல் செல்

கொழுப்புக் கல்லீரல் நோயை ஆராய்வோருக்கு நெடுநாளாக இருந்துவரும் தடை, ஆராயத் தகுந்த கல்லீரல் செல் கிடைக்காததுதான். பயாப்ஸியில் கிடைப்பது சிறு துணுக்குத் திசு. கல்லீரலிலிருந்து பிரித்தெடுக்கும் செல்களோ வளர்ப்புத் தட்டில் சில நாள்களிலேயே தம் இயல்பை இழந்துவிடுகின்றன. பலரும் கையாளும் ஹெப்ஜி2 செல்கள் புற்றுக் கட்டியிலிருந்து வந்தவை. போதாக்குறைக்கு, இந்நோயோடு 2008இல் தொடர்புபடுத்தப்பட்ட பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றத்தை அவை இரு பிரதிகளிலும் சுமக்கின்றன. அவற்றை நலமான கல்லீரலின் இடத்தில் வைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜப்பானிய அறிவியலாளர் ஷின்யா யமனாகா 2006இல் எலியின் செல்களிலும், மறு ஆண்டு மனிதச் செல்களிலும் காட்டிய முறை இத்தடையைத் தளர்த்தியது. நோயாளியின் ரத்தச் செல்லையோ தோல் செல்லையோ, எவ்வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றி, பின்னர் அதைப் படிப்படியாகக் கல்லீரல் செல்லாக வளர்த்து, ஓலிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களை ஊட்டினால், செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் சேர்வதை நேரடியாகக் காணலாம்.

ஆனால் நோயாளி ஒருவரின் செல்லை வேறொருவரின் நலமான செல்லோடு ஒப்பிடும்போது, இருவருக்குமிடையே உள்ள எண்ணற்ற மரபு வேறுபாடுகளும் கணக்கில் கலந்துவிடுகின்றன. அதனால், ஒரே நோயாளியின் செல்லில் மரபணுவைத் திருத்தும் கருவியான கிரிஸ்பர் கொண்டு, பிஎன்பிஎல்ஏ3 மரபணுவில் மாறியுள்ள அந்த ஓர் எழுத்தை மட்டும் திருத்தி, திருத்தியதையும் திருத்தாததையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆய்வுகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

குறைகளும் உண்டு. இவ்வாறு உருவாகும் செல்கள் முதிர்ந்த கல்லீரலைவிடக் கருவின் கல்லீரலையே ஒத்திருக்கின்றன. கருவின் கல்லீரல் மிகுதியாகச் சுரக்கும் ஆல்ஃபா ஃபீட்டோபுரதத்தைத் தொடர்ந்து சுரப்பதே அதற்கு அடையாளம். மேலும், ஸ்டெம் செல்லாக மாறும்போது வயதின் தடயங்கள் பெரும்பாலும் அழிந்துவிடுவதால், உடல்பருமனும் நீரிழிவும் பல ஆண்டுகளாக விட்டுச்சென்ற பதிவுகள் அதில் அநேகமாக மிஞ்சுவதில்லை. மரபின் பங்கைத் தனித்துப் பார்க்க விரும்புவோருக்கு இது வசதியே. முழு நோயையும் காண விரும்புவோருக்கு இழப்பு.

கல்லீரல் செல்லை மட்டும் தனியே வளர்த்தால் கொழுப்பு சேர்வதைக் காட்டலாமே தவிர, நோய் முற்றும்போது கல்லீரலில் உண்டாகும் தழும்பைக் காட்ட முடியாது. தழும்பை உண்டாக்குபவை கல்லீரலிலுள்ள ஸ்டெல்லேட் செல்கள் என்னும் வேறு வகைச் செல்கள். டகனோரி டகேபேயின் குழு 2019இல் வெளியிட்ட ஆர்கனாய்டுகளில் (ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த சிறு உறுப்பு மாதிரிகளில்) அவற்றை ஒத்தவையும், கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்களான குப்ஃபர் செல்களை ஒத்தவையும் சேர்ந்திருந்ததால், கொழுப்பு அமிலம் ஊட்டப்பட்டபோது அழற்சியும், திசு இறுகுவதும் அளக்கக்கூடியவையாயின. இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது, முடிவு எத்தனை நோயாளிகளின் செல்களில் திரும்பக் கிடைத்தது என்பதையே முதலில் தேடுகிறேன்.